கத்தோலிக்க இறையியல் படிக்கலாமா? முதலில் விசாரிக்க வேண்டியது பட்டத்தின் வகை

2025 மே 8 அன்று திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோவின் கல்விப் பின்னணி செய்திகளில் வெளியானபோது, பலரும் வியந்தது அவருடைய முதல் பட்டத்தைப் பார்த்துத்தான். 1977-இல் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் அவர் பெற்றது கணிதப் பட்டம். 1982-இல் சிகாகோவிலுள்ள கத்தோலிக்க இறையியல் ஒன்றியம் என்ற கல்விக்கூடத்தில் ‘எம்.டிவ்.’ பட்டம் பெற்றார். பிறகு உரோமைக்குச் சென்று, ‘அஞ்சேலிக்கும்’ என்று அழைக்கப்படும் புனித தாமஸ் அக்குவினாஸ் பல்கலைக்கழகத்தில் 1984-இல் திருச்சபைச் சட்டத்தில் ‘லிசென்ஷியேட்’ என்ற, முனைவர் பட்டத்துக்கு முந்தைய மேற்பட்டத்தையும், 1987-இல் முனைவர் பட்டத்தையும் பெற்றார்.

இந்தப் பட்டியலில் மூன்று இனங்கள் இருக்கின்றன. கணிதப் பட்டம் எந்தப் பல்கலைக்கழகமும் தரக்கூடிய பொதுப் பட்டம். எம்.டிவ். என்பது அருட்பணிக்கு ஆயத்தம் செய்யும் தொழிற்பட்டம். உரோமையில் பெற்றவை திருப்பீடத்தின், அதாவது திருத்தந்தையின் தலைமையகத்தின், அதிகாரத்தால் வழங்கப்படும் திருச்சபைப் பட்டங்கள். கல்லூரியில் கத்தோலிக்க இறையியல் படிக்கலாமா என்று யோசிக்கும் மாணவரின் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த வேறுபாடு தெரியாததால் வருகிறது. ‘இறையியல் பட்டம்’ என்ற ஒரே பெயரின் கீழ் வேறுவேறு வாசல்களைத் திறக்கும் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. தனக்குப் போதிய பக்தி இருக்கிறதா, அழைத்தல் இருக்கிறதா என்று மாதக்கணக்கில் தன்னையே துருவிப் பார்க்கும் மாணவர்கள், கிடைக்கப்போகும் பட்டம் எந்த வகை என்று ஒருநாள்கூட விசாரிப்பதில்லை. விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு முன், படிக்கப்போவது என்ன என்பதில் தெளிவு வேண்டும்.

இறையியலும் அதன் அண்டை வீட்டாரும்

பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஆன்செல்ம் தந்த விளக்கத்தையே இன்றும் முதல் வகுப்பில் சொல்கிறார்கள்: புரிதலைத் தேடும் நம்பிக்கைதான் இறையியல். இறைவன் தம்மை வெளிப்படுத்தினார் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த வெளிப்பாட்டின் பொருள் என்ன, அதன் உள்ளொழுங்கு என்ன, அதிலிருந்து எது பெறப்படும் என்று அறிவின் துணையோடு ஆராயும் துறை இது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் மூன்று துறைகளிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும்.

1. மறைக்கல்வி. திருச்சபை நம்புவதைக் கற்றுத்தந்து, நம்பிக்கை வாழ்வுக்குள் ஒருவரை வளர்ப்பது இதன் வேலை. ‘திருச்சபை என்ன நம்புகிறது?’ என்பது மறைக்கல்வியின் கேள்வி. ‘இப்படி நம்பக் காரணம் என்ன, வேறு சொற்களில் சொன்னால் எது மாறும்?’ என்று கேட்பது இறையியல். ஞாயிறு மறைக்கல்வியை ரசித்த ஒருவர் இறையியலையும் ரசிப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

2. சமய ஆய்வியல். சமயங்களை வெளியிலிருந்து, வரலாறு, சமூகவியல், மானுடவியல் ஆகியவற்றின் கண்ணால் பார்க்கும் துறை. உயிர்த்தெழுதல் நம்பிக்கை எப்படிப் பரவியது என்பதை இது ஆராயும். அந்த நம்பிக்கை உண்மையா என்ற கேள்வியைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிடும்.

3. மெய்யியல். வெளிப்பாட்டைச் சான்றாகக் கொள்ளாமல் பகுத்தறிவை மட்டும் கொண்டு நடப்பது. கத்தோலிக்க இறையியல் படிப்பு மெய்யியல் அடித்தளத்தின் மீதே எழுப்பப்படுகிறது. சாரம், ஆள், காரணம், இயல்பு போன்ற சொற்களைத் துல்லியமாகக் கையாளத் தெரியாதவர் மூவொரு இறைவன் பற்றிய வகுப்பில் முதல் வாரமே திணறிப்போவார்.

சில கல்லூரிகளில் ‘இறையியல் மற்றும் சமய ஆய்வியல்’ என்று ஒரே துறையாக இருக்கும். பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவசியம். அதில் விவிலியம், கோட்பாடு, அறநெறி, திருச்சபை வரலாறு, திருவழிபாடு ஆகிய பிரிவுகள் முறையாக இடம்பெற்றிருந்தால் அது இறையியல் படிப்பு. அவை விருப்பப் பாடங்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் வேறு ஏதோ ஒன்று.

ஒரு வசனத்தின் வழியாக வகுப்பறைக்குள்

வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக்கும். புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 5-ஆம் அதிகாரம், 12-ஆம் வசனம். ஒரே மனிதன் வழியாகப் பாவம் உலகில் நுழைந்தது, பாவத்தின் வழியாகச் சாவு வந்தது என்று சொல்லும் பகுதி. அதன் இறுதியில் ‘எஃப் ஹோ’ என்று இரண்டு சிறிய கிரேக்கச் சொற்கள் வருகின்றன. இன்றைய மொழிபெயர்ப்பாளர்களில் பெரும்பாலோர் அவற்றை ‘ஏனெனில்’ என்ற காரணப் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறார்கள்: எல்லாரும் பாவம் செய்ததால் சாவு எல்லாரையும் பற்றிக்கொண்டது. ஆனால் இலத்தீன் விவிலியம் அதை ‘இன் குவோ’ என்று பெயர்த்திருந்தது. ‘அவனில்’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். புனித அகுஸ்தினார் அப்படித்தான் கொண்டார்: ஆதாம் என்ற அந்த ஒருவனிலேயே எல்லாரும் பாவம் செய்தார்கள். ஆதாமின் பாவம் பிறப்பால் வருவதில்லை என்று வாதிட்ட பெலாஜியுஸ் என்பவரோடு அவர் நடத்திய நீண்ட விவாதத்தில் இந்த வாசிப்புக்குப் பெரிய இடம் இருந்தது. பிறப்புவழிப் பாவம் பற்றி 1546-இல் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணையும் இந்த வசனத்தை மேற்கோள் காட்டியது.

மொழிபெயர்ப்பு மாறினால் கோட்பாடு விழுந்துவிடுமா? முதலாண்டு மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். ஒரு சாரார் பதறிப்போய் இலத்தீன் வாசிப்பைக் காப்பாற்ற முயல்வார்கள். மற்றொரு சாரார் பதினைந்து நூற்றாண்டு காலத் தவறைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுவார்கள். வகுப்பு இரண்டையும் நிதானப்படுத்தும். கோட்பாடு அந்த இரண்டு சொற்களின் மீது மட்டும் நிற்கவில்லை. அதே அதிகாரத்தின் 19-ஆம் வசனம், ஒருவரின் கீழ்ப்படியாமையால் பலர் பாவிகளானார்கள் என்று சொல்கிறது. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கும் வழக்கத்தை அகுஸ்தினார் தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். கிரேக்க மொழியிலேயே பவுலை வாசித்த கீழைத் திருச்சபைத் தந்தையர், குற்றம் வழிவழியாக வருவதைவிடச் சாவு வழிவழியாக வருவதையே அழுத்திச் சொன்னார்கள். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பிறப்புவழிப் பாவத்தை ஒப்புமைப் பொருளில்தான் பாவம் என்று அழைக்கிறோம் என்றும், அது ஒரு செயல் அல்ல, ஒரு நிலை என்றும் 404-ஆம் எண்ணில் கூறுகிறது.

இத்தோடு முடியவில்லை. திருமுழுக்கு பெறாமல் இறந்துபோகும் குழந்தையின் நிலை என்ன என்ற கேள்வி, அந்த இரண்டு சொற்களில் தொடங்கிய சங்கிலியின் மறுமுனை. பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007-இல் வெளியிட்ட ஆவணம், அக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்கத் தக்க காரணங்கள் உண்டு என்று விளக்கியது. மருத்துவமனையில் குழந்தையை இழந்த ஒரு தாயின் அருகில் உட்கார்ந்திருக்கும் அருட்பணியாளரோ, குருவோ துறவியோ அல்லாத பொதுநிலை ஆன்மீகப் பணியாளரோ சொல்லப்போகும் ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் கிரேக்க இலக்கணமும், ஐந்தாம் நூற்றாண்டு விவாதமும், பொதுச்சங்க ஆணையும் நிற்கின்றன. தவறாகச் சொன்னால் அந்தத் தாய் வாழ்நாள் முழுவதும் சுமப்பார். இறையியல் படிப்பு ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அந்தச் சங்கிலியை விடாமல் தொடர்ந்து செல்லும் பொறுமை தனக்கு இருக்கிறதா என்பதைத்தான் மாணவர் தன்னிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் உடனே வேண்டும் என்று தவிப்பவருக்கு இந்தப் படிப்பு வேதனையாக இருக்கும்.

பட்டங்களின் வகைகள்

1. பொதுப் பல்கலைக்கழகப் பட்டம். நாட்டின் கல்விச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் பி.ஏ., எம்.ஏ., பிஎச்.டி. போன்றவை. மற்றக் கலைப் பட்டங்களுக்கு உள்ள மதிப்பு இவற்றுக்கும் உண்டு. இளநிலைப் பட்டத்தை எதிர்பார்க்கும் வேலைகளுக்கும், வேறு துறையில் மேற்படிப்புக்கும் இவற்றைக் கொண்டு விண்ணப்பிக்கலாம்.

2. திருச்சபைப் பட்டம். திருப்பீடத்தால் நிறுவப்பட்ட அல்லது ஏற்பளிக்கப்பட்ட புலங்கள் மட்டுமே இதை வழங்க முடியும். திருத்தந்தை பிரான்சிஸ் 2017 டிசம்பரில் கையெழுத்திட்ட ‘வெரித்தாத்திஸ் கௌதியும்’ என்ற திருத்தூதுச் சட்டம் இதற்கான விதிகளை வகுக்கிறது. இதில் மூன்று சுற்றுகள் உண்டு. முதல் சுற்று எஸ்.டி.பி., அதாவது இறையியல் இளநிலைப் பட்டம்: மெய்யியலையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள், அல்லது இரண்டாண்டு மெய்யியலை முன்பே முடித்தவருக்கு மூன்று ஆண்டுகள். இரண்டாம் சுற்று லிசென்ஷியேட், அதாவது எஸ்.டி.எல்.: இரண்டு ஆண்டுகள், ஏதாவது ஒரு பிரிவில் சிறப்புப் பயிற்சி. மூன்றாவது, முனைவர் பட்டம்.

3. சமய அறிவியல் பட்டம். பொதுநிலையினரையும் துறவியரையும் மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட சமய அறிவியல் உயர் நிறுவனங்கள் வழங்குவது. மூன்றாண்டு இளநிலை, அதன்மேல் இரண்டாண்டு லிசென்ஷியேட். இதுவும் திருப்பீடத்தின் ஏற்புடைய பட்டமே என்றாலும் எஸ்.டி.பி.க்கு இணையாகக் கொள்ளப்படுவதில்லை. பள்ளி ஆசிரியராகவோ மறைமாவட்டப் பணியாளராகவோ விரும்புபவருக்கு ஏற்றது.

4. பணிக்கான தொழிற்பட்டம். எம்.டிவ். இந்த வகை. ஆராய்ச்சியைவிட மறையுரை, ஆற்றுப்படுத்தல், களப்பயிற்சி ஆகியவற்றுக்கு இதில் கூடுதல் இடம் உண்டு.

முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் உள்ள வேறுபாடு நடைமுறையில் எங்கே உறைக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 253-ஆம் சட்டப்படி, குருக்களை உருவாக்கும் குருமடத்தில் மெய்யியல், இறையியல், சட்டத் துறைகளைக் கற்பிப்பவர் திருப்பீடம் ஏற்ற பல்கலைக்கழகத்திலிருந்து முனைவர் பட்டமோ லிசென்ஷியேட்டோ பெற்றிருக்க வேண்டும். புகழ்பெற்ற பொதுப் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டு உழைத்து முனைவர் பட்டம் வாங்கியவரும் இந்த வாசலில் நிற்க நேரலாம். இதற்கு எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: திருச்சபைப் பட்டத்தை எல்லா நாட்டு அரசுகளும் தம் பட்டங்களுக்கு இணையாக ஏற்பதில்லை. உயர்கல்வியை ஒரே சீரமைப்புக்குள் கொண்டுவரும் ஐரோப்பாவின் போலோஞா செயல்முறையில் 2003-இல் திருப்பீடமும் சேர்ந்ததற்கு, இந்த ஏற்புச் சிக்கலைக் குறைப்பது ஒரு முக்கியக் காரணம். பெல்ஜியத்தின் லூவன், அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் இரண்டு வகைப் பட்டங்களையும் பெற முடியும். வாய்ப்புள்ளவர்கள் இத்தகைய இடங்களை முதலில் பார்ப்பது நல்லது.

குருமடம் வேறு, இறையியல் வேறு

இறையியல் படிப்பவர் குருவாகப் போகிறார் என்ற எண்ணம் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குருத்துவப் பயிற்சிக்கு மெய்யியலில் இரண்டு, இறையியலில் நான்கு என்று குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பைத் திருச்சபைச் சட்டம் கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயிற்சியில் மனித வளர்ச்சி, ஆன்மீகம், அறிவு, மேய்ப்புப்பணி என்று நான்கு தளங்கள் உள்ளன. இறையியல் அவற்றில் ஒன்றில் அடங்கும். மறுபுறம், 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 229-ஆம் சட்டம், பொதுநிலையினர் திருச்சபைப் பல்கலைக்கழகங்களில் இறையியல் வகுப்புகளில் கலந்துகொண்டு பட்டம் பெறுவதை அவர்களுடைய உரிமை என்றே குறிப்பிடுகிறது.

பெண்களுக்கு இந்தக் கதவு தாமதமாகவே திறந்தது. அமெரிக்காவில் பெண்களுக்கென முதல் இறையியல் மேற்படிப்புப் பள்ளி 1943-இல் செயின்ட் மேரி கல்லூரியில் தொடங்கப்பட்டது. அதுவரை அங்கே ஒரு கத்தோலிக்கப் பெண் இறையியலில் உயர்பட்டம் பெற வழியில்லை. 1970-இல் அவிலா நகரின் தெரேசாவும் சியன்னா நகரின் கத்தரீனும் மறைவல்லுநர்களாக, அதாவது திருச்சபையின் தலைசிறந்த போதகர்களாக, அறிவிக்கப்பட்டார்கள். அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் பெண்கள் அவர்கள்தான். இருவருமே பல்கலைக்கழகத்தின் படியை மிதிக்காதவர்கள். இன்று உலகின் முன்னணி இறையியல் புலங்களில் பெண்கள் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். ‘மகளுக்கு எதற்கு இந்தப் படிப்பு?’ என்று கேட்கும் வீடுகளில் இந்த வரலாற்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

படித்தால் நம்பிக்கை குலையுமா?

இந்தப் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்வதோ மழுப்புவதோ மாணவருக்கு உதவாது.

முதல் அதிர்ச்சி பெரும்பாலும் விவிலிய வகுப்பில் வரும். நற்செய்திகள் இயேசுவின் காலத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை, ஒரே நிகழ்ச்சியை நான்கு பேரும் ஒரே விதமாகச் சொல்வதில்லை, விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களின் பின்னால் பல கைகள் இருக்கின்றன என்றெல்லாம் கேட்கும்போது, வீட்டில் கேட்டு வளர்ந்த சித்திரம் ஆட்டம் காணும். தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், இவை திருச்சபைக்கு எதிராக யாரோ சொன்னவை அல்ல. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943-இல் வெளியிட்ட சுற்றுமடல், விவிலிய நூல்களின் இலக்கிய வகைகளை ஆராயுமாறு அறிஞர்களை ஊக்குவித்தது. 1964-இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம், நற்செய்திகள் மூன்று கட்டங்களில் உருவானதை விளக்கியது: இயேசுவின் சொல்லும் செயலும், திருத்தூதர்களின் போதனை, நற்செய்தியாளர்களின் எழுத்து. அடுத்த ஆண்டே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் இறைவெளிப்பாட்டுக் கொள்கைத் திரட்டில் இந்தப் பார்வையை உள்வாங்கிக்கொண்டது.

இரண்டாவதாக, ஐயம் என்பது இந்தத் துறைக்கு அந்நியமானது அல்ல. தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பு’ என்ற பெருநூலின் ஒவ்வொரு பகுதியையும் எதிர்வாதங்களோடுதான் தொடங்குகிறார். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு அவர் முதலில் எழுதுவது இரண்டு மறுப்புகளை. எல்லையற்ற நன்மை இருந்தால் தீமை எப்படி இருக்க முடியும்? உலகை இயற்கையாலும் மனித விருப்பத்தாலுமே விளக்க முடியுமானால் கடவுள் எதற்கு? எதிராளி சொல்லக்கூடியதை எதிராளியைவிட நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் தம் பதிலுக்கு வருகிறார். இந்த நேர்மையில் பழகியவர்கள் பின்னாளில் எளிதில் உடைந்துபோவதில்லை என்பது என் நம்பிக்கை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துயரத்தின் நடுவிலோ நம்பிக்கை நெருக்கடியின் நடுவிலோ இருப்பவர், அதற்கு மருந்தாக இந்தப் படிப்பில் சேரக் கூடாது. வகுப்பறை ஆற்றுப்படுத்தும் இடம் இல்லை. கட்டுரைக்கு மதிப்பெண் போடும் பேராசிரியர் மாணவரின் மனக்காயத்துக்குப் பொறுப்பேற்க முடியாது. நம்பிக்கைக்குரிய ஒரு துணையோடு அந்த நெருக்கடியைப் பேசிக் கடந்த பிறகு படிப்பைத் தொடங்கலாம். அதற்குள் இருபது வயது தாண்டிவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

அனுமதி தேவைப்படுவது யாருக்கு?

ஆயரின் அனுமதி பற்றிய செய்திகளைப் படிக்கும் மாணவர்கள், தங்கள் கருத்துக்காகத் தங்களையும் வெளியேற்றிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 812-ஆம் சட்டம், உயர்கல்வி நிறுவனங்களில் இறையியல் கற்பிப்பவர் தகுந்த திருச்சபை அதிகாரியின் ஆணையைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. கடமை கற்பிப்பவருக்கு. கற்பவருக்கு அப்படியொரு நிபந்தனை இல்லை. திருச்சபைப் புலங்கள் அருட்பணியாளர், பொதுநிலையினர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் திறந்தவை என்றும், நன்னடத்தைச் சான்றும் உரிய முன்படிப்பும் வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு கூறுகிறது.

பேராசிரியராகும் எண்ணம் உள்ளவர் மட்டும் இதை இப்போதே யோசிக்க வேண்டும். 1979 டிசம்பரில் ஹான்ஸ் கூங், கத்தோலிக்க இறையியலாளராகக் கற்பிக்கும் அனுமதியை இழந்தார். அவர் பணியாற்றியது ஜெர்மனியின் ட்யூபிங்கன் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அவருடைய பேராசிரியர் பதவி போகவில்லை. கத்தோலிக்கப் புலத்துக்கு வெளியே தொடர்ந்து பணியாற்றினார். 1986-இல் அமெரிக்க இறையியலாளர் சார்ல்ஸ் கர்ரனுக்கு அதேபோன்ற தீர்ப்பு வந்தபோது, அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அவரால் இறையியல் கற்பிப்பதைத் தொடர முடியவில்லை. பிற்பாடு சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இரண்டு வழக்குகளிலும் யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மாணவர் கவனிக்க வேண்டியது வேறு: நிறுவனம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து ஒரே தீர்ப்பின் விளைவு மாறுகிறது.

படிப்புக்குப் பிறகு

வேலை பற்றிப் பேசாமல் இந்தத் துறையைப் பரிந்துரைப்பவர்கள் மாணவருக்கு நன்மை செய்வதில்லை. வாய்ப்புகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு தகுதியையும் சேர்த்துக் கேட்கிறது.

1. பள்ளிச் சமயக் கல்வி. ஜெர்மனியின் அரசியலமைப்பே அரசுப் பள்ளிகளில் சமயக் கல்வியை முறையான பாடமாக வைத்திருக்கிறது. அங்கே கத்தோலிக்க சமய ஆசிரியருக்கு ஆயரின் அனுமதியும் தேவை. எங்கே கற்பித்தாலும் ஆசிரியர் பயிற்சி தனியாக வேண்டியிருக்கும்.

2. மருத்துவமனை, சிறை, இராணுவம் ஆகியவற்றில் ஆன்மீகத் துணைப்பணி. பெரும்பாலும் முதுநிலை இறையியலும், நோயாளிகளின் படுக்கையருகே மேற்பார்வையோடு பெறும் களப்பயிற்சியும் கேட்பார்கள். இளநிலைப் பட்டம் இதற்கு ஒரு படிக்கட்டு மட்டுமே.

3. திருச்சபை நீதிமன்றம். திருமண வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிக்குத் திருச்சபைச் சட்டத்தில் குறைந்தது லிசென்ஷியேட் வேண்டும். 2002-இல் அந்தப் படிப்பு மூன்றாண்டாக நீட்டிக்கப்பட்டது. தகுதியுள்ள பொதுநிலையினரும் இந்தப் பொறுப்பை ஏற்க முடியும்.

4. பேராசிரியர் பணி. இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். குடும்பப் பொறுப்பும் கல்விக் கடனும் உள்ளவர் இதை ஒன்றையே நம்பி இறங்கக் கூடாது.

5. பதிப்பகம், ஊடகம், மொழிபெயர்ப்பு, அறப்பணி நிறுவனங்கள். இங்கே இறையியல் அறிவுக்கு மதிப்பு உண்டு. வேலை கிடைப்பதோ எழுத்துத் திறனையும் நிர்வாகத் திறனையும் பொறுத்தது.

ஆகவே பள்ளிப் படிப்பை முடித்து நேரே வரும் பதினெட்டு வயது மாணவருக்கு என் பரிந்துரை: முடிந்தால் இன்னொரு துறையையும் சேர்த்துப் படியுங்கள். வரலாறு, சட்டம், உளவியல், செம்மொழிகள், சமூகப்பணி, எதுவானாலும் சரி. வேலைக்கான காப்பீடு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உயிரியல் தெரிந்தவர் மருத்துவ அறநெறியில் கேட்கும் கேள்வியும், சட்டம் தெரிந்தவர் திருமண முறிவு வழக்கில் கேட்கும் கேள்வியும் கூர்மையாக இருக்கும். கணிதத்தில் தொடங்கித் திருச்சபைச் சட்டத்தில் முனைவரானவரின் பாதை இதற்குக் கண்முன் நிற்கும் உதாரணம்.

எந்த வரிசையில் விசாரிப்பது

1. இந்தப் பட்டத்தை வழங்குவது யார்: அரசு ஏற்ற பல்கலைக்கழகமா, திருப்பீடம் ஏற்ற புலமா, இரண்டுமா? வாய்மொழிப் பதிலை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள்.

2. ஐந்தாண்டுக்குப் பிறகு செய்ய விரும்பும் பணிக்கு எந்த வகைப் பட்டம் தேவை? இதைக் கல்லூரியிடம் கேட்பதைவிட, அந்தப் பணிக்கு ஆள் எடுப்பவரிடம் கேட்பது மேல்.

3. மொழிகள் எத்தனை, எந்த அளவுக்கு? இலத்தீனும் கிரேக்கமும் கட்டாயமாக இருக்கும் இடத்தில் ஆழம் இருக்கும். எபிரேயமும் இருந்தால் இன்னும் நல்லது. முனைவர் பட்டம் வரை போக விரும்புபவர் மொழிகளை முதலாண்டிலேயே தொடங்காவிட்டால் பின்னால் இரண்டாண்டு இழப்பார்.

4. மெய்யியல் எத்தனை பருவங்கள்?

5. நடுவில் விலக நேர்ந்தால் படித்த தாள்கள் வேறு பட்டத்துக்குக் கணக்கில் வருமா?

இவற்றுக்கு விடை கிடைத்த பிறகும் மனம் ஊசலாடினால், சேருவதற்கு முன் ஒரு வாரம் செலவிட்டு ஓர் ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு. மொத்தம் 26 எண்கள்தான், தமிழிலும் கிடைக்கிறது. அதன் 11-ஆம் எண், நம் மீட்புக்காக இறைவன் விவிலியத்தில் பதிக்க விரும்பிய உண்மையை அந்நூல்கள் தவறின்றிக் கற்பிக்கின்றன என்று சொல்கிறது. ‘நம் மீட்புக்காக’ என்ற அந்தச் சொற்கள் தவறின்மையின் எல்லையைக் குறுக்குகின்றனவா, அதன் நோக்கத்தை விளக்குகின்றனவா? அதைக் கடந்து 12-ஆம் எண்ணுக்குப் போக முடியாமல், பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதத் தொடங்கினீர்களானால் விண்ணப்பப் படிவத்தை நிரப்பலாம்.